ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்ட அம்மா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் ஸ்டியரிங்தான். தப்பை என் பெண் திருத்தியிருக்கிறாள், மீதியைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மா இறந்து ஒரு வருடம் ஆனபோது நினைவுப் புத்தகம் ஒன்று அச்சடித்தார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் நான்கு வரி எழுதித் தரும்படி அவர் மகன் கேட்டார். என்னிடமும் கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன், எழுதவில்லை. புத்தகம் வந்துவிட்டது. அதில் எல்லோரும் அவரை அன்பானவர், பொறுமையானவர், ஜெபத்தில் உறுதியானவர் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்னால் ஆவடியில் தெருவுக்கு நான்கு பேர் கிடைப்பார்கள். நான் பார்த்த ஆள் அந்தப் புத்தகத்தில் இல்லை.

பெயர் எழுதவில்லை. ஐந்து வருடம் அவருடைய காரை ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளும் பெயரைச் சொன்னதில்லை. அம்மா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் மாற்றமாட்டார். குழம்பு ருசியாக இல்லையென்றால் உப்பை மட்டும் கொஞ்சம் போட்டுப் பார்ப்பார். சரியாகவில்லையா, பிறகுதான் புளி. உப்பும் புளியும் சேர்த்துப் போடவே மாட்டார். ஃபேன் சத்தம் போட்டால் முதலில் திருகை முடுக்குவார், இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருப்பார், அதன் பிறகுதான் எண்ணெய்.

ஒரு தடவை எனக்கு நல்ல தலைவலி. காலையில் வண்டி எடுக்கும்போது விட்டிருந்தது.

"எப்படிப் போச்சு? மாத்திர போட்டியா, காப்பி குடிச்சியா?" என்றார்.

"ரெண்டும்தாம்மா."

"சரியாப் போச்சு. இனி ஆயுசுக்கும் உனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு என்னை அப்படிப் பரிதாபமாகப் பார்த்தார், எனக்குத் தலைவலியே மறுபடி வந்துவிடும் போல இருந்தது.

சாமி விஷயத்திலும் அப்படித்தான். வீட்டுச் சாவி தொலைந்தபோது புனித அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டார். காணாமல் போன பொருளுக்கு அவர்தானாம். இரண்டாம் நாள் ரேஷன் பைக்குள் சாவி கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா சந்தோஷமாக ஓடி வந்து, "நானும் உங்களுக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்கா" என்றார். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏன் பிள்ள இப்படிக் கெடுத்த? இப்ப நான் யாருக்கு மெழுகுவத்தி ஏத்த?"

"ரெண்டு பேருக்கும் ஏத்துங்களேன்."

"ஒருத்தர் சும்மா இருந்திருப்பாருல்லா? சும்மா இருந்தவருக்கு எதுக்கு?"

அந்த அக்கா சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில், செய்த சாமானைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் கணவரும் அங்கேதான். இருவரும் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு சின்ன கார் வாங்கினார்கள். வெள்ளை நிறம், ஐந்து பேர் நெருக்கி உட்காரலாம். ஐயா அதை ஒரு வருடம் ஓட்டினார். பிறகு இறந்துபோனார். மாரடைப்பு என்று சொன்னார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. கார் சில மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதற்குப் பிறகுதான் நான் வந்தேன்.

நான் ஆக்டிங் டிரைவர். ஒரே வீட்டில் மாதச் சம்பளம் கிடையாது. யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் வண்டியை அன்றைக்கு ஓட்டுவேன். புதன்கிழமையும் சனிக்கிழமையும் இந்த அம்மாவுக்கு. ஐயப்பன்தாங்கலில் அவருடைய தங்கை படுத்த படுக்கையாக இருந்தார். சமைத்து எடுத்துக்கொண்டு போய், குளிப்பாட்டி, சாப்பிட வைத்துவிட்டு மாலையில் திரும்புவார். கோவில்பதாகை, ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி, காட்டுப்பாக்கம் என்று எப்போதும் ஒரே வழி. மற்ற நாட்களில் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் கூப்பிடும். கல்யாணம், ஆஸ்பத்திரி, திருத்தணி என்று போவேன்.

முதல் நாளே அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு உடம்பு கூசியது. வண்டி வைத்திருப்பவர்கள் பின்னால்தான் உட்காருவார்கள், நானும் கண்ணாடியில் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு விடுவதே சத்தமாகக் கேட்கும். அவர் இடது கையில் ஜெபமாலை. வலது கை எங்கள் இருவருக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக்கின் மேல். சிக்னலில் வண்டி நின்றால் அவரே அதைத் தூக்கிவிடுவார். பச்சை விழுந்தால் நான் "அம்மா" என்பேன், இறக்கிவிடுவார். வண்டி ஓட்டுவதில் பங்கு எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபமாலை முடிந்தால் பேசுவார். பூந்தமல்லியில் எந்தக் கடையில் முருங்கைக்காய் நன்றாக இருக்கும், என் பெண்ணுக்கு எந்தப் பாடம் வரவில்லை என்று எல்லாம் பேசுவார். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் என் கூச்சம் பாதி போய்விட்டது.

அவர் மகனுக்குப் பெங்களூரில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். நல்ல மனிதர்தான், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"அப்பா ஓட்டுறப்ப லிட்டருக்குப் பதினாறுக்குக் கொறஞ்சதே இல்லம்மா. இப்ப பதினொண்ணு. அதே வண்டி, அதே ரோடு."

"வண்டிக்கு வயசாகுதுல்லா."

"ஒரு வருஷத்துல அஞ்சு கிலோமீட்டர் வயசா? அம்மா, என்ன மாறியிருக்கு சொல்லு. அப்பா போயி டிரைவர் வந்திருக்காரு. அவ்ளோதான். ட்யூப் போட்டு பெட்ரோல உறிஞ்சிருவாங்க. ஊர்ல எல்லா டிரைவரும் பண்றதுதான். நீதான் ஏமாளி."

என் கையில் ஈரத்துணி. பிழிந்தபடியே நின்றேன். அம்மா பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். 'அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்று ஒரு வரி. அவ்வளவு போதும் எனக்கு.

"சொல்லிட்டல்லா," என்றார் அம்மா. "பாக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அந்த வண்டி இல்லன்னா இன்னொரு வண்டி. சாவியக் குட்த்துட்டு வா. நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?"

"இப்ப வந்துட்டா, எட்த்துகினு ஓடிட்டான்னு ஆயிடும்."

"அவங்க பேச்ச உடலன்னா?"

"பாக்கலாம்."

எங்கள் தொழிலில் லைசென்ஸ் இரண்டு. ஒன்று அரசாங்கம் கொடுப்பது, மற்றொன்று ஊர் கொடுப்பது. ஊர் கொடுப்பது போய்விட்டால் முதல் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பேச்சு எப்படி வெளியே போனதோ தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடும் குவார்ட்டர்ஸ் குடும்பம் ஒன்று இரண்டு வாரம் கூப்பிடவில்லை. ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்போது ஒருவன் கத்தினான்: "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு எத்தினி லிட்டர் குட்ச்ச?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்சப்பட்டவனுக்கு அந்த இடத்தில் வேறு என்ன செய்யத் தெரியும்?

அடுத்த புதன்கிழமை வண்டியில் ஏறியதும் அம்மா சொன்னார். "தம்பி, ஜன்னல் திறந்திருந்துச்சு. நீ கேட்டிருப்ப."

நான் ரோட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

"ஒவ்வொண்ணாப் பாப்போம்," என்றார்.

முதலில் பெட்ரோல் பங்க். மைலேஜ் பார்க்க வேண்டுமானால் டேங்க் வாய் வரைக்கும் நிரப்ப வேண்டும், ஓட்ட வேண்டும், மறுபடி அதே வாய் வரைக்கும் நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று பார்க்க வேண்டும். மெஷின் தானாக நிற்பதை அம்மா நம்பமாட்டார். ஒரு நாள் முன்னே நிற்கும், ஒரு நாள் பின்னே நிற்கும். அதனால் வண்டியை ஆட்டி ஆட்டி ஊற்ற வேண்டும். அதுவும் அதே பங்க், அதே மெஷின், வெயில் ஏறுவதற்கு முன்னால்.

"யம்மா, கட் ஆயிட்ச்சு. போதும்," என்றான் பங்க் ஆள்.

"போதாது. ஆட்டு."

"இன்னாத்த ஆட்டறது?"

"வண்டியத்தான். பெட்ரோல் கண்ணுக்குத் தெரியணும்."

அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று காரை ஆட்டினோம். பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. "நைனா, வண்டிக்குத் தாலாட்டா?" என்று ஒருவன் கேட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா குனிந்து டேங்க் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் குடிக்கும்," என்றார்.

அண்ணனூர் ரயில்வே கேட் பக்கம் ஒரு மெக்கானிக். பேச்சுக்காரர், ஆனால் கை சுத்தம். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் உற்சாகமாகிவிட்டார்.

"இதுக்கா பயந்துகினு கீறீங்க? பிளக்கு, ஏர் பில்டரு, ஆயிலு எல்லாத்தயும் ஒரே அடியா மாத்தி உடறேன். வண்டி குதிரை மாரி ஓடும்."

"அப்ப எது கெட்டிருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க? ஓடுதா பாருங்க."

"ஓடுறது பெரிசில்ல. ஒருத்தன் பேரு நடுவுல கெடக்கு. எனக்குத் தெரியணும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த ஒரு நட்டைப் பார்த்தேன்.

அன்றைக்கு டயருக்குக் காற்று மட்டும். நான்கிலும் குறைவாகத்தான் இருந்தது. சரியான அளவு அடித்து, ஒரு டேங்க் தீரும்வரை ஓட்டினோம். கொஞ்சம் ஏறியது. அடுத்த டேங்குக்கு ஏர் பில்டர். கழற்றித் தட்டினால் ஒரு கைப்பிடி புழுதி. பருத்திப்பட்டு ரோட்டுப் புழுதி முழுவதும் அதற்குள்தான் இருந்தது. புதிதாகப் போட்டோம். இன்னும் கொஞ்சம் ஏறியது. அடுத்து பிளக். ஒன்றும் மாறவில்லை. அடுத்து ஏசி. அது சித்திரை மாதம். ஒரு டேங்க் முழுவதும் ஏசி போடாமல் போனோம். பூந்தமல்லி நெரிசலில் இருவரும் வேகவைத்த கிழங்கு போல உட்கார்ந்திருப்போம். "அம்மா, உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போவுது" என்றால், "இப்ப போட்டா இத்தன நாள் வேர்த்தது வீணாப்போயிரும்லா" என்பார். அதிலும் கொஞ்சம்தான் வித்தியாசம். மெக்கானிக் பின் சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றிக் காட்டினார். பம்பரமாகச் சுற்றியது. "பிரேக்கு எங்கியும் புடிக்கல, ப்ரீயா கீது," என்றார்.

எல்லாம் சேர்த்துப் பதினொன்று என்பது பன்னிரண்டாக ஏறியிருந்தது. பதினாறு எங்கே, பன்னிரண்டு எங்கே.

ஒரு சனிக்கிழமை ஐயப்பன்தாங்கலில் தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, டயர் பாத்தாச்சு. பில்டர், பிளக்கு, ஏசி எல்லாம் பாத்தாச்சு."

"ஆமாம்மா."

"அடுத்து உன்னப் பாக்கணும்."

"என்னியா?"

"ஆமா. ரெண்டு டேங்க் வேற ஆள் ஓட்டட்டும். நீ இரு."

குரலைத் தாழ்த்தவில்லை. முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பிளக்கைக் கழற்றச் சொன்ன அதே குரல். மாலையில் வீட்டில் கொண்டு விட்டதும் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "நல்லா இரு தம்பி," என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கியது. ஒரு ஆளை டயரோடும் பிளக்கோடும் வரிசையில் நிறுத்துவார்களா? மகன் என்னைத் திருடன் என்று சொன்னபோதுகூட எனக்கு அப்படி இல்லை. வீட்டில், அம்மா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எழுத வரவில்லை. யாராவது என்னை உற்றுப் பார்த்தால் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வேன். வேறு எங்கேயாவது பெட்ரோல் வாசனை வந்தால்கூட என் மேல்தான் அடிக்கிறதோ என்று கையை முகர்ந்து பார்ப்பேன்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. "தம்பி, நாளைக்கு வா. அவன் ஓட்டியும் பன்னெண்டுதான்."

போனேன். ஆனால் அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். மகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையை அவரே பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மேல் தினமும் அவரே ஓட்டிக்கொண்டு போய் வந்தார். அவருக்கும் இந்த மைலேஜ் பைத்தியம் பிடித்திருந்தது. அதே பங்க்கில் வண்டியை ஆட்டி நிரப்பினார். லீவு முடியும் நாளில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றேன். அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு, அம்மா," என்றார் மகன். "நான் ஓட்டினா பதினாறு. டிரைவர் ஓட்டினா பன்னெண்டு. இவரும் சரி, அவனும் சரி, ஒரே குட்டையில ஊறின மட்டைங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, கணக்கு அப்படிச் சொல்லுது," என்றார்.

உள்ளே போவதா, வெளியே போவதா என்று தெரியவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா ஒரு கரண்டி கஞ்சி குடித்தார். "டிரைவர் ஓட்டினப்ப வண்டில யாரு யாரு இருந்தா?"

"டிரைவரும் நீயும்."

"நீ ஓட்டினப்ப?"

"நான் மட்டும்."

"அப்ப மாறினது ரெண்டுல்லா? டிரைவரும் மாறியிருக்கான், நானும் மாறியிருக்கேன். ரெண்டு சேந்து மாறினா எதுன்னு எப்படிச் சொல்லுவ?"

மகன் சிரித்துவிட்டார். "நீ என்னம்மா, பெட்ரோலயா குடிக்க?"

"தெரியல," என்றார் அம்மா. "பாக்கேன்."

உடம்பு தேறியதும் புதன்கிழமை வந்தது. வழக்கம்போல முன் கதவைத் திறந்து வைத்தேன். அவர் பின் கதவைத் திறந்து ஏறினார். "இந்த டேங்க் நான் பின்னால இருக்கேன். நீதான் ஓட்டணும்," என்றார். ஐயப்பன்தாங்கல் போய்ச் சேர்ந்ததும் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இப்படி அந்த டேங்க் தீரும்வரை போனோம். நிரப்பிப் பார்த்தபோது பதினாறுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. ஓட்டியது நான். எனக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. போனில் மகன், "அவருக்குத்தான் தெரியுமே, பாக்குறோம்னு. இப்ப எடுக்கமாட்டாரு," என்றாராம். அம்மா அதையும் என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை மறுபடி முன் சீட்டில் ஏறினார். போய்ச் சேர்ந்ததும் இறங்கினார், குனிந்தார். முன் சக்கரங்களைத் தொட்டார். பின் சக்கரத்தின் நடுவில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இங்க தொடு."

தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"போன வாரம் இது சில்லுனு இருந்துச்சு," என்றார்.

கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்தார். பிறகு முன் கதவைத் திறந்து, மறுபடி உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் வலது கை தானாகப் போய் ஹேண்ட் பிரேக்கின் மேல் நின்றது. அவர் வைக்கவில்லை, அதுவாகப் போனது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிரேக்கைத் தூக்கினார், எப்போதும் போல இறக்கினார். பிறகு விரலால் மெல்ல அழுத்தினார். இன்னும் ஒரு பல் கீழே இறங்கியது. டக் என்று சத்தம் கேட்டது.

அந்த ஒரு பல்தான். முழுவதும் இறங்காமல், பின் சக்கரத்தை லேசாகப் பிடித்தபடியே அந்த வண்டி ஒரு வருடமாக ஆவடிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் போய் வந்திருக்கிறது. பிரேக் இறங்காவிட்டால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு நான் வந்த நாளிலிருந்தே எரிந்ததில்லை. மெக்கானிக் ஷெட்டில் அம்மா காரில் இருக்கமாட்டார், பிரேக்கை மெக்கானிக்கே முழுவதும் இறக்கிவிடுவார், சக்கரம் பம்பரமாகச் சுற்றும். நானோ, ஒரு பெண்ணின் கை இருக்கும் இடத்தில் கை வைக்கமாட்டேன். "அம்மா" என்பேன், அவர் இறக்குவார். முழுவதும் இறங்கியதா என்று பார்க்க அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பியதில்லை. இடையில் ஓட்டியவனும் அப்படித்தான் இருந்திருப்பான். வயதான அம்மாவின் கையை யார் தட்டிவிடுவார்கள்?

"இந்தக் கைதான் தம்பி," என்றார் அம்மா.

நான் சுற்றி வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.

"அவுக போனது நீ இருக்கிற சீட்லதான். ஒரு மேம்பாலத்து ஏத்தத்துல. பேச்சுக்கு நடுவுல தல சாஞ்சிட்டு. வண்டி பின்னால உருளுது. எங்க பின்னால ஸ்கூல் பஸ், உள்ள பூராவும் பிள்ளைய. நான்தான் இத இழுத்தேன். வண்டி நின்னுட்டு. அவுக நிக்கல."

தங்கை வீட்டுக்குள்ளிருந்து யாரோ, "அக்கா வந்தாச்சா?" என்று கூப்பிட்டார்கள்.

"அதுலேருந்து கைய எடுக்க முடியல போல. எனக்கே தெரியாது," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் நின்றது. அம்மா என்னையும் வரச் சொல்லியிருந்தார், நான் காருக்குப் பக்கத்தில் வெளியே நின்றேன். மகன் வந்திருந்தார். என்னைக் கூப்பிடாமல் விட்ட குவார்ட்டர்ஸ் குடும்பமும் இருந்தது. அம்மா படியில் நின்று கையைத் தட்டினார்.

"எங்க வண்டில பெட்ரோல் போன கதை எல்லாருக்கும் தெரியும்லா? பாதிப் பேர் எங்கிட்டயே வந்து கேட்டிய. கண்டுபிடிச்சாச்சு. எடுத்தது நான்தான்."

பிறகு காற்றில் ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி இறக்கிக் காட்டினார். மேம்பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு பல், பின் சக்கரம், சூடு, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தன்னைப் பார்த்து இத்தனை பேர் சிரிக்கட்டும் என்று ஒருவர் தானாகப் போய் நிற்பதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மகன் என்னிடம் வந்தார். "அண்ணே..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல், "டீ குடிக்கலாமா?" என்றார். குடித்தோம். டீ முடியும்வரை அவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் அதே ஆள், "அண்ணாத்தே, திருடி மாட்டிகினாங்களாமே!" என்று கத்தினான். குவார்ட்டர்ஸிலிருந்தும் போன் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா முன் சீட்டில் உட்காரவேயில்லை. "கை சொன்ன பேச்சுக் கேக்காது, தூரத்துல வைக்கதுதான் நல்லது," என்றார். பின்னால் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வார். கண்ணாடியில் பார்த்தால் சின்ன உருவமாகத் தெரிவார். ஏற்றத்தில் வண்டி நின்றால் அவர் மூச்சு மாறுவது எனக்குக் கேட்கும். நான் பேச்சுக் கொடுப்பேன். நான்தான் கொடுப்பேன், வாய் திறக்காத நான். முருங்கைக்காய், முள்ளங்கி, என் பெண்ணின் பாடம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே பிரேக்கைப் பிடிப்பேன். ஏற்றம் தாண்டியதும், "சரி தம்பி, போதும்," என்பார்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குள் கிடந்தது. மாதக்கணக்கில் கேட்க நினைத்து வாய்வரை வந்து திரும்பிப் போனது. பின் சீட்டில் இருப்பவரிடம் கேட்பது கொஞ்சம் சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு நாள் பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நெஜமாவே என் மேல சந்தேகப்பட்டீங்களா?"

"பட்டேன்," என்றார்.

உடனே சொன்னார். யோசிக்கக்கூட இல்லை.

"டயர் மேல பட்டேன், பிளக்கு மேல பட்டேன். உன்ன மட்டும் விட்டிருந்தா அந்தப் பேரு உம்மேல அப்படியே கெடந்திருக்கும்லா? அவன் நல்லவன்னு நான் சொல்லியிருந்தா எவன் நம்புவான்? எனக்கும் சேத்து ஏமாளின்னு பேரு."

"எங்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. யாருக்கும் தெரியாம."

"அது பொய்யா இருந்திருக்கும் தம்பி. எனக்கு அப்ப தெரியாதுல்லா."

நான் சிக்னலைப் பார்த்தேன். இன்னும் சிவப்பு. பிறகு இருக்கையில் அவர் முன்னால் நகர்ந்து வருவது கேட்டது. என் தோளுக்குப் பின்னால், பக்கத்தில், மெதுவாகச் சொன்னார்.

"இப்பத் தெரியும். இப்பச் சொல்லுதேன். நீ எடுக்கல."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. கல்லறைத் திருநாள்.